கட்டுவதற்குக் கேட்டோம், காப்பதற்குக் கேட்கவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பொதுத் தளம் திறக்கவில்லை. ஏறத்தாழ நானூறு கோவொர்க்கிங் இடங்களின் (பலர் மேசையை வாடகைக்கு எடுத்து ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கும் பொது அலுவலகங்கள்) முகவரிகள், எந்த இடத்தில் வெளியூர் உறுப்பினர் ஓரிரு நாள் இலவசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்ற பட்டியல், புதிதாக இடம் தொடங்குகிறவர்களுக்காகப் பலர் சேர்ந்து எழுதிய கையேடு, எல்லாம் அதில்தான் இருந்தன. சர்வர் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். மதியத்துக்குள் காரணம் தெரிந்தது. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, யாரும் புதுப்பிக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆர்வத்தில் தளத்தைத் தொடங்கிய நண்பரின் பெயரில் அது பதிவாகியிருந்தது. அவர் கார்டு காலாவதியாகிவிட்டது. நினைவூட்டல்கள் அவர் பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டாலும், பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டோம். அன்று அவரோடு போனில் பேசியதை என்னால் மறக்க முடியவில்லை. “ஏழு வருஷமா என் கைக்காசுலதான் ஓடுது. நான் யார்கிட்டயும் கேட்டதில்லை. யாரும் என்கிட்ட விசாரிச்சதும் இல்லை” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. நான் 22 மேசைகள் உள்ள ஒரு சின்ன இடத்தை நடத்துகிறேன். என் இடத்துக்கு வந்த முதல் வெளியூர் விருந்தாளி அந்தத் தளத்தைப் பார்த்துத்தான் வந்தார். அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

கோவொர்க்கிங் வளர்ந்த விதமே இப்படித்தான். 2005-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற நிரலாளர், ஸ்பைரல் மியூஸ் என்ற இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மேசை போட்டுக் காத்திருந்தார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அவர் அந்த யோசனையைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அடுத்த ஆண்டே கிறிஸ் மெசினாவும் டாரா ஹண்டும் அதே நகரில் சிட்டிசன் ஸ்பேஸைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு விக்கி வந்தது. இடம் நடத்துகிறவர்கள் தங்கள் இடத்தின் பெயரைத் தாங்களே அதில் சேர்த்தார்கள். ஓர் இடத்தின் உறுப்பினர் இன்னோர் ஊரின் இடத்தில் கட்டணமில்லாமல் உட்காரலாம் என்கிற ‘கோவொர்க்கிங் விசா’வும் அந்த மாதிரி ஒரு பட்டியலாகவே பரவியது. கூட்டுழைப்பு, திறந்த மனம், சமூகம், எல்லோரும் அணுகக்கூடிய தன்மை, நீடித்து நிற்றல் என்று ஐந்து விழுமியங்களைக் கோவொர்க்கிங்காரர்கள் சொல்வார்கள். முதல் நான்கையும் நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவோம். ஐந்தாவதைப் பற்றிப் பேச ஒரு தளம் காணாமல் போகவேண்டியிருந்தது.

சரி, எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு, தளத்தைப் புதிதாகக் கட்டி, பொதுவில் வைப்போம் என்று முடிவெடுத்தோம். ஐந்து பேர் குழு. இணையத்தில் பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டும் கிரவுட்ஃபண்டிங் எல்லோருக்கும் புதிது.

முதல் முயற்சி தோற்றது. இலக்கை எட்டினால் மட்டுமே பணம் கைக்கு வரும் வகையைத் தேர்ந்தெடுத்து, 45 நாள் ஓட்டினோம். கடைசி நாளில் இலக்கில் 31 சதவீதத்தில் நின்றது. ஒரு காசு வரவில்லை. அந்த வகையைத் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். இப்படிப் பணம் திரட்ட உதவும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2009-இல் தொடங்கியதிலிருந்து ‘முழுதாக, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்ற முறையிலேயே நடக்கிறது. வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறையை இண்டிகோகோ போன்றவை கொடுத்தன. நான் இன்றும் முதல் முறையின் பக்கம்தான். மூன்றில் ஒரு பங்கு பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முழுத் தளத்துக்கான வாக்கைச் சுமந்திருந்தால், பணம் கொடுத்தவர்களின் முகத்தில் எப்படி விழித்திருப்போம்? போதாத பணம் திரும்பிப் போவது இருதரப்புக்கும் நல்லது.

தோற்றதற்கு உண்மையான காரணம் நாங்கள் போட்ட கணக்கு. நானூறு இடங்கள், இடத்துக்கு முப்பது பேர், ஆகமொத்தம் பன்னிரண்டாயிரம் பேர். அதில் பத்தில் ஒருவர் கொடுத்தால்கூடப் போதும் என்று நினைத்தோம். அந்தப் பன்னிரண்டாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. தினமும் ஒரே மேசையில் உட்காருகிறவருக்கு நானூறு இடங்களின் பட்டியல் எதற்கு? தளம் உண்மையிலேயே தேவைப்பட்டது மூன்று வகை ஆட்களுக்கு: இடம் நடத்துகிறவர்கள், ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவர்கள், புதிதாக இடம் தொடங்க நினைப்பவர்கள். நாங்களோ எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கூவினோம். யாருக்கும் தன்னைக் கூப்பிட்டதாகத் தோன்றவில்லை.

இலக்கும் பெரிது. வரைபடம், மேசை முன்பதிவு, நிகழ்ச்சி நாட்காட்டி, உறுப்பினர் பக்கங்கள், வேலைவாய்ப்புப் பலகை என்று ஐந்து பேரின் ஆசையையும் ஒரே மதிப்பீட்டில் ஏற்றிவிட்டோம். யாருடைய ஆசையையும் வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து மீண்டும் தொடங்கியபோது இலக்கை மூன்றில் ஒரு பங்காக்கினோம். தேடக்கூடிய பட்டியல், வரைபடம், விசா விவரம், கையேடு. அவ்வளவுதான். பக்கத்தை வெளியிடுவதற்கு முன்பே போனை எடுத்தோம். ஐந்து பேரும் சேர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட இட நடத்துநர்களிடம் தனித்தனியாகப் பேசினோம். இந்த அறுபது அழைப்புகள்தான் எங்கள் கிரவுட்ஃபண்டிங். மற்றதெல்லாம் அவற்றின் ரசீது மாதிரி. தொடங்கும் நாளன்று முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுப்பதாகச் சொன்னவர்களின் தொகையே இலக்கில் 40 சதவீதம் இருந்தது. காலியான பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் கை வராது. பாதி நிறைந்த பக்கத்தைப் பார்த்தால் தானாகக் கை நீளும். நாள்களையும் 26 ஆகக் குறைத்தோம். ஆரம்பத்திலும் முடிவிலும்தான் பணம் வரும். நடுவில் வறட்சி. 45 நாள் வைத்தால் அந்த வறட்சிதான் நீளும்.

அந்த அழைப்புகளில் ஓர் அம்மா கேட்ட கேள்வி எல்லாவற்றையும் மாற்றியது. பத்து ஆண்டுகளாக இடம் நடத்துகிறவர். “தம்பி, கொடுக்கிறதுக்கு நான் யோசிக்கல. ஆனா அந்தத் தளத்தால எனக்கு ஒரு ஆளாவது வந்திருக்காங்களா, சொல்லுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் பத்து இடங்களிடம் கேட்டுக்கொண்டோம்: ஒரு மாதத்துக்கு, புதிதாக வருகிறவர்களிடம் உங்கள் இடத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். வந்தவர்களில் சிலர் தளத்தைச் சொன்னார்கள். அதிலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதிகம். பெரிய எண்ணிக்கை கிடையாது, ஆனால் உண்மையான எண்ணிக்கை. அந்தப் பத்து இடங்களின் குறிப்பை வைத்துத்தான் பிரச்சாரப் பக்கத்தின் முதல் பத்தியை எழுதினோம். நீங்கள் இப்படி ஏதாவது தொடங்குவதாக இருந்தால், வீடியோ எடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு மாத வேலையைச் செய்யுங்கள்.

பிரச்சாரம் பாதியில் இருந்தபோது பெரிய சோதனை ஒன்று வந்தது. பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், இலக்கில் கால் பங்கைத் தானே தருவதாகச் சொன்னது. பதிலுக்கு ஒவ்வொரு ஊரின் பட்டியலிலும் அவர்களுடைய கிளை முதலில் வரவேண்டும். வறட்சி நாள்களில் வந்த வாய்ப்பு. குழுவில் மூன்று பேர் ஒத்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் அந்த மூவரில் ஒருவன். மறுத்த இருவரில் ஒருவர் ஆறு மேசை வைத்திருப்பவர். அவர் சொன்னார்: “என் இடம் ரெண்டாவதா வர்ற பட்டியலுக்கு நானே எதுக்கு வேலை செய்யணும்?” அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. யாரும் இலக்கில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்க முடியாது, கொடுத்த தொகைக்கும் பட்டியலின் வரிசைக்கும் சம்பந்தம் கிடையாது என்று இரண்டு விதிகளை அன்றிரவே எழுதிப் பக்கத்தில் போட்டோம். அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதைப் படித்துவிட்டுச் சிறிய இடங்கள் வர ஆரம்பித்தன.

நன்றிப் பட்டியலை எப்படிப் போடுவது என்ற கேள்விக்கும் அதே நேரத்தில் விடை கிடைத்தது. சுதந்திர தேவி சிலையின் பீடத்தைக் கட்டப் பணம் போதாமல் போனபோது, 1885-இல் ஜோசப் புலிட்சர் தன் ‘தி வேர்ல்ட்’ பத்திரிகையில் மக்களிடம் கேட்டார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவதாக வாக்குக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. நாங்களும் எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில், தொகை இல்லாமல் போட்டோம். தன் பெயருக்கு மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அதைத் தங்கள் உறுப்பினர்களுக்குக் காட்டியவர்கள் பலர். அதனாலும் கொஞ்சம் பணம் வந்தது.

பரிசுப் பொருள்கள் வேண்டாம் என்று இந்த முறை தீர்மானமாக இருந்தோம். முதல் முயற்சியில் கோப்பை, டிஷர்ட், ஸ்டிக்கர் என்று வைத்திருந்தோம். அச்சடிக்கவும் தபாலில் அனுப்பவும் ஆகும் செலவைப் பின்னால் கணக்குப் பார்த்தபோது, சிறிய தொகை கொடுத்தவர்களின் பணம் முழுக்க அதற்கே போயிருக்கும். இட நடத்துநர்களுக்கு இன்னொரு கோப்பை தேவையில்லை.

கட்டணக் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டரில் தளக் கட்டணம் 5 சதவீதம். பணம் கைமாறும் செலவாக இன்னும் சில சதவீதம் போகும். மொத்தம் பத்து என்று வைத்துக்கொள்வது பத்திரம். தேவை 100 என்றால் இலக்கை 110 என்று வைப்பார்கள். தப்பு. 110-இல் பத்து சதவீதம் போனால் மிஞ்சுவது 99. நூறை 0.9-ஆல் வகுக்க வேண்டும். 111-க்குக் கொஞ்சம் மேலே வரும். கடைசி நாளில் கார்டிலிருந்து பணம் எடுக்கும்போது சிலருடையது தோல்வியடையும், அதற்கும் சிறிது இடம் விடுங்கள். நாங்கள் விட்டது 3 சதவீதம், போதுமானதாக இருந்தது.

பணம் யாருடைய கணக்குக்கு வரும் என்பதை நாங்கள் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டோம். அது மோசமான தவறு. ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு வந்தால் அது அவருடைய வருமானமாகப் பார்க்கப்படலாம், வரி அவர் தலையில் விழும். நாளைக்கு மனக்கசப்பு வந்தால் ஆதாரமும் இருக்காது. முறையான அமைப்பைப் பதிவு செய்ய எங்களுக்கு நேரமில்லை. ஏற்கெனவே பதிவான ஒரு லாபநோக்கற்ற அமைப்பு எங்களுக்காகப் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, ஒரு சிறு சதவீதம் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டது. வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வைக்க ஓப்பன் கலெக்டிவ் மாதிரியான வசதிகள் இருக்கின்றன. நாங்கள் எங்களுக்குத் தெரிந்த விரிதாளைப் பொதுவில் வைத்தோம். இப்படி இன்னொருவர் குடையின் கீழ் நிற்கும்போது, குடை மடங்கினால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அமெரிக்காவில் பல குழுக்களுக்குப் பணம் வைத்திருந்த ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024-இல் மூடப்போவதாக அறிவித்தபோது, அத்தனை குழுக்களும் அந்த ஆண்டுக்குள் வேறு இடம் தேடவேண்டி வந்தது.

இலக்கு 108 சதவீதத்தில் முடிந்தது. கட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேர்ட்பிரஸில் கட்டினோம், யார் பின்னால் வந்தாலும் கையில் எடுக்க முடியும் என்பதால். வரைபடத்துக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கூகுள் மேப்ஸ் 2018-இல் கட்டண முறையை மாற்றியபோது, பழைய தளத்தின் வரைபடம் ஒருநாள் மங்கலாகிப் போனதை எங்களில் எல்லோரும் பார்த்திருந்தோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுத்தினால் அவர்கள் பெயரை வரைபடத்தில் காட்டவேண்டும். முகவரியிலிருந்து இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் அவர்களுடைய பொதுச் சேவையை நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கக்கூடாது. நானூறு முகவரிகளுக்கு ஏழு நிமிடம்தான். ஒருமுறை கேட்டுச் சேமித்து வைத்துக்கொண்டால் போதும். அந்த சர்வர்களும் நன்கொடையில் ஓடுகிறவைதான். நாங்கள் நன்கொடை கேட்டு அலைந்த ஆட்கள், அதனால் இதில் கவனமாக இருந்தோம்.

தளம் வந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். பதினான்கு மாதம் நன்றாகப் போனது.

அப்புறம் ஒருநாள், வெளியூரில் வேலை முடித்துவிட்டு எங்கள் பட்டியலை நம்பிப் போன ஒரு பெண், பூட்டிய கதவின் படத்தை அனுப்பினார். அந்த இடம் மூடி எட்டு மாதமாகியிருந்தது. “மழையில் இருபது நிமிடம் நடந்து வந்தேன்” என்று மட்டும் எழுதியிருந்தார். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மூடிவிட்டது அல்லது இடம் மாறிவிட்டது. பட்டியலைத் திருத்துவது யாருடைய வேலை என்று எங்கள் மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை. வடிவமைப்புக்கு இருந்தது, நிரல் எழுத இருந்தது, லோகோவுக்குக்கூட இருந்தது. கையில் மிச்சமிருந்த பணம் நான்கு மாத ஹோஸ்டிங்குக்கு, அதாவது சர்வர் வாடகைக்குத்தான் வரும். எந்த இடத்திலிருந்து தொடங்கினோமோ அங்கேயே திரும்பி வந்து நின்றோம். பழைய நண்பரின் கார்டுக்குப் பதில் இப்போது கூட்டுக் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது தடவை கேட்கப் போவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தெரியவில்லை. “போன தடவை கொடுத்தோமே?” என்ற கேள்வி நியாயமானது. நாங்கள் பூசி மெழுகவில்லை. விரிதாளைக் காட்டி, கட்டுவதற்கு மட்டும் கேட்டோம், காப்பதற்குக் கேட்க மறந்தோம், தப்பு எங்களுடையது என்று எழுதினோம். இந்த முறை பெரிய தொகை கேட்கவில்லை. ஒவ்வொரு இடமும் ஒரு மேசையின் ஒரு நாள் வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை தரட்டும் என்று கேட்டோம். தொகையை அவரவரே முடிவு செய்யட்டும், அவரவர் ஊர் விலையில். பணம் தராத இடமும் பட்டியலில் இருக்கும். ஒரே நாளில் கொட்டிய பிரச்சாரப் பணத்தைவிட, மாதா மாதம் பத்து பதினைந்து இடங்களிலிருந்து சொட்டும் இந்தப் பணம் எனக்கு அதிக நிம்மதி தருகிறது. போன ஆண்டு 170 இடங்கள் கொடுத்தன.

அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஒருவருடைய நேரத்துக்குப் போகிறது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம், சம்பளத்தோடு, பட்டியலைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு இடத்தின் பக்கத்திலும் ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் போகும். பதில் வராவிட்டால் போன். அதுவும் எடுக்காவிட்டால் பக்கம் மறைக்கப்படும். யாரையும் நீக்குவதில்லை, ஒரு வரி எழுதினால் திரும்ப வந்துவிடலாம். இது தொண்டாக நடக்கக்கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கையேடு எழுதுவது, புதியவர்களுக்கு வழிகாட்டுவது எல்லாம் இன்றும் தொண்டாகத்தான் நடக்கிறது. ஆனால் நானூறு பேருக்குப் போன் போடுவதைச் சம்பளமில்லாமல் யாரும் இரண்டாவது ஆண்டு செய்யமாட்டார்கள். செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

டொமைன் இப்போது குடை அமைப்பின் பெயரில் இருக்கிறது. டாட் காம் பெயர்களை அதிகபட்சம் பத்தாண்டுக்குப் பதிவு செய்யலாம். நாங்கள் பத்துக்கும் கட்டிவிட்டோம். கடவுச்சொற்கள் மூன்று பேரிடம், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள் காகிதத்தில் இரண்டு வெவ்வேறு ஊர்களில். நினைவூட்டல்கள் தனிநபர் மின்னஞ்சலுக்கு வருவதில்லை. பட்டியல் முழுவதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் கோப்பாக வெளியிடுகிறோம். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நாளில் விலகினாலும் வேறு யாராவது அதை வைத்து அடுத்த தளத்தைத் தொடங்கிவிடலாம்.

அந்தப் பழைய நண்பரிடம், அவர் ஏழு ஆண்டு கட்டியதைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னோம். வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியபோது, அந்தத் தொகையைச் சரிபார்ப்பவரின் அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்துவிடச் சொன்னார். அவர் பெயர் நன்றிப் பட்டியலில் எல்லோரையும்போல அகர வரிசையில் இருக்கிறது, என் பெயருக்கு நான்கு வரி மேலே.